மூடிக் கம்பெனியை எங்கே வைப்பது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள், மீதியைப் பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது என்றாயே, முளைத்துவிட்டதா. நாற்பதை நெருங்குகிறவளைப் பாப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார், சிரிக்கட்டும், நீ ஊருக்கு முதலாளியாக இருந்தால் எனக்கென்ன. கையால் கடிதம் எழுதி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அரைப் பக்கம் வருவதற்குள் விரல் இழுக்கிறது. போனில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்லிப் பார்த்த லட்சணத்தைத்தான் நீயே கேட்டாயே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, அம்மா, மூடிக் கம்பெனிக்கு ரெண்டாவது யூனிட் போடணும், அங்கேயே வந்து போட்டா என்னன்னு தோணுது, நீதானே இந்த வேலை பாக்குற, நீயே சொல்லு என்று கேட்டாய். நான் வாயைத் திறந்தேன், அலுவலகக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு வழிச் சாலை, ஆழமான துறைமுகம், தடையில்லா மின்சாரம், திறமையான இளைஞர்கள், ஒற்றைச் சாளர முறையில் அனுமதி என்று மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டே போனேன். நீயும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மா, நான் உன் பொண்ணும்மா, உன்கிட்ட நிலம் பாக்க வந்தவ இல்ல என்று சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பெண் கேட்ட கேள்விக்குக்கூட மனப்பாடம் செய்ததைத்தான் சொல்கிறோமே, இந்த வேலை நம்மை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதும்போது அந்தக் குரல் வருவதில்லை.

என் வேலை உனக்குத் தெரியாததா, ஆனாலும் உன்னிடம் நான் அதைப் பற்றி உருப்படியாகப் பேசியதே இல்லை. வெளியூரிலிருந்து ஒரு கம்பெனி தொழிற்சாலை போட நம் மாநிலத்தைப் பார்க்க வருகிறது என்றால் எங்கள் அரசு அலுவலகத்தில் முதல் நாளே ஒத்திகை நடக்கும். வண்டி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எந்தப் பாலத்தில் மெதுவாகப் போக வேண்டும், எந்த இடத்தில் நான் வலப்பக்கம் கையைக் காட்டிப் பேச ஆரம்பித்தால் அவர்கள் இடப்பக்கக் குப்பை மேட்டைப் பார்க்காமல் தப்பிக்கலாம், எல்லாம் ஓட்டிப் பார்ப்போம். எங்கள் டிரைவர் அதில் பலே ஆள், நான் மறந்தாலும் அவர் தொண்டையைச் செருமி ஞாபகப்படுத்துவார். இத்தனை வருஷமும் அந்த ஒரே பாதையில் போய் வந்து அந்தக் குப்பை மேடு எனக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டது. இப்போது வந்திருக்கிற இயக்குநர் சின்ன வயதுக்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் திரையில் படம் காட்டினால் உலகமே மயங்கிவிடும் என்று நம்புகிறார். ஒவ்வொரு இயக்குநரும் ஒவ்வொன்றை நம்பிக்கொண்டு வருவார், போவார், நான் மட்டும் அதே நாற்காலியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனி வந்தது. நாமா பக்கத்து மாநிலமா என்று பார்க்க வந்தவர்கள். பக்கத்து மாநிலத்தில் நிலத்தையே சும்மா கொடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், நம்மால் அது முடியாது, ஆகவே இந்தத் தடவை ஒத்திகை இரண்டு தடவை நடந்தது. வந்தவர்களுக்குத் தலைவி உயரமான ஒரு அம்மாள், பேச்சே கிடையாது, எதைச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார். அது சம்மதமா, போதும் நிறுத்து என்பதா என்று கண்டுபிடிக்க முடியாமல் நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுத் தொழிற்பேட்டையில் நமக்கு ஒரு கண்ணாடி மண்டபம் இருக்கிறது, விருந்தாளிகளை அங்கேதான் உட்கார வைப்போம். கரண்ட் போனால் தெரியக்கூடாது என்று பின்னால் சத்தமே போடாத ஜெனரேட்டர் ஒன்றை வைத்து, கண் இமைப்பதற்குள் மாறிக்கொள்கிற மாதிரி இயக்குநர் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தார். அவர் மின்சாரப் படத்தை முடித்துவிட்டுத் துறைமுகப் படத்துக்கு வந்த சமயத்தில் ஊரெல்லாம் கரண்ட் போயிருக்கிறது. எங்களுக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு. அந்த அம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் டம்ளரோடு வெளியே வந்து நிற்பதையும் கடைக்காரர் அட்டையால் விசிறிக்கொள்வதையும் பார்த்துவிட்டு, அங்கே ஏதாவது விசேஷமா என்று கேட்டார். நாங்கள் யோசிப்பதற்குள் காபி கொண்டுவந்த எங்கள் ஆள் முந்திக்கொண்டு, கரண்ட் போயிருச்சும்மா, ஊருக்கே இல்ல, நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு என்று ரொம்பப் பெருமையாகச் சொல்லிவிட்டார். இயக்குநர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ஈயாடவில்லை. எனக்கு அசடு வழிந்தது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. அப்படியானால் கரண்ட் போகும்போது இங்கே இருக்கிற பட்டறைகள் எப்படி வேலை செய்கின்றன, அதைப் பார்க்கலாமா என்று எழுந்துவிட்டார்.

எங்கள் பாதையில் பழைய பேட்டை கிடையாது. திறந்த சாக்கடை, ஆளுக்கு ஒரு கதவு அகலப் பட்டறை, எழுத்து அழிந்த பெயர்ப் பலகைகள், அதைக் காட்டவே கூடாது என்பது எழுதாத சட்டம். டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். போனால் லேத் எல்லாம் நின்றுகிடக்கிறது, ஒருவர் அரத்தை எடுத்துக் கையால் ராவிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் தன் வேலையைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் இருக்கிற அடுத்த பட்டறைக்குப் போய் அங்கே ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு கீலை எடுத்தார். அவர்கள் கம்பெனி ஃபிரிட்ஜ் கதவுக் கீலாம், கொஞ்ச நாளில் தொங்கிப்போகிறதாம். வேலையில்லாமல் நின்றிருந்தவர்கள் சுற்றி வந்துவிட்டார்கள். ஒருவர் ஆணி இளைச்சிருக்கு என்கிறார், இன்னொருவர் ஆணி இல்லப்பா முலாம்தான், உரிஞ்சு போய் உள்ள தேயுது என்கிறார், மூன்றாமவர் இதை வார்த்தவன் வார்க்கும்போது எங்க வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தான்னு கேளுங்க என்கிறார், ஒரே சந்தைக்கடை. கடைசியில் மூன்று பேர் மூன்று விதமாகச் செய்து மறுநாள் தருகிறோம் என்றார்கள். நீங்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் போட்டிதானே, பிறகெப்படி அவர் உங்கள் இயந்திரத்தில் ஓட்டுகிறார் என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, போட்டிதான், அதுக்காக அவன் ஆர்டர் நின்னா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா, நாளைக்கு என் மெஷின் நின்னா நான் எங்க போவேன் என்று அந்தப் பட்டறைக்காரர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் அப்போதும் தலையைத்தான் ஆட்டினார்.

முந்தாநாள் பதில் வந்தது, நம்மிடமே வருகிறார்களாம். அலுவலகத்தில் ஒரே கொண்டாட்டம். துறைமுகமும் சாலையும் ஒற்றைச் சாளரமும்தான் காரணம் என்று பத்திரிகைக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதியாகிவிட்டது, எழுதியவளே நான்தான். பழைய பேட்டையைப் பற்றி ஒரு வரி போடலாமா என்று இயக்குநரிடம் கேட்டேன், மேடம், சாக்கடை படத்தையுமா போடுறது என்று கேட்டார், எனக்கு வாதாடத் தெம்பில்லை. உன்னிடம் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் கம்பெனிகள் ஏன் வந்தன, ஏன் போயின என்று அறிக்கையில் எழுதியது வேறு, நான் கண்டது வேறு. ஒரு செருப்புக் கம்பெனி இங்கேயே பெரிதாக வளர்ந்ததற்கு அவர்களுடைய ஃபோர்மேனின் மாமியார்தான் காரணம். ஊரை விட்டு நகர மாட்டேன் என்று அந்த மாமியார் கட்டிலில் கால் நீட்டிவிட்டார், அம்மாவை விட்டு மனைவி வரமாட்டேன் என்றாள், ஃபோர்மேன் இல்லாமல் முதலாளி நகரவில்லை. இன்றைக்கு அங்கே எத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன. ஒரு கண்ணாடிக் கம்பெனி போனதற்கு வரியோ தண்ணீரோ காரணமில்லை. அவர்கள் கோப்பு ஒரு மேசையில் போய் உட்கார்ந்தது, முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த முதலாளி கடைசியாக என்னிடம் வந்து, முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட வேற வழி பாத்திருப்பேன், பதிலே இல்லாத இடத்துல எப்படிம்மா இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர். அடுத்த ஊரில் நன்றாக இருக்கிறார். நிலம் சும்மா கிடைக்கிறது என்று ஓடுகிறவன் அடுத்தவன் சும்மா கொடுத்தால் அங்கே ஓடிவிடுவான். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருகிற இடத்தில்தான் எவனும் நிலைத்து நிற்பான், நான் கண்டது இவ்வளவுதான். ஆள் கிடைப்பார்களா என்றும் கேட்டாயே. திறமையான இளைஞர்கள் நிறைந்த மாநிலம் என்று நான் விருந்தாளிகளிடம் சொல்கிற ஒவ்வொரு தடவையும் பூட்டிக் கிடக்கிற உன் அறைதான் என் கண்ணில் வருகிறது. உன்னோடு படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஆளுக்கொரு திசையில் இருக்கிறீர்கள்.

வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன். மாடியில் குடியிருக்கிற நர்ஸ் நல்ல பெண், ஆனால் குழாயை மூடவே தெரியாது, கூடத்துச் சுவரில் ஈரம் ஊறி ஒரு யானை உருவம் வந்திருக்கிறது, வர வர அதற்குத் தும்பிக்கை நீள்கிறது. என் முழங்கால் பழைய கதைதான், மாடிப்படியைப் பார்த்தாலே அது முனக ஆரம்பிக்கிறது. உன் சித்தப்பா வந்திருந்தார், பாப்பா இங்க கம்பெனி போடப் போறாளாமே, நம்ம பையனுக்கு மேனேஜர் வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க அண்ணி என்கிறார். அவன் இதுவரை எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை, நீ எதுவும் வாய் கொடுத்துவிடாதே. அவருக்கு யார் சொன்னது என்று பார்க்கிறாயா, எல்லாம் உன் அப்பாதான். நீ போனில் கேட்டதை நான் அவரிடம் சொன்ன அன்றே மாடி நர்ஸ் வரைக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் உன் அறையைத் திறந்து அட்டைப் பெட்டிகளை எல்லாம் வெளியே தள்ளிக்கொண்டு, பேத்திக்கு இந்தப் பக்கம் கட்டில் போடலாம், வெளிச்சம் வரும் என்று ஒரே ஆர்ப்பாட்டம். நான் அவரை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிறது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். மருந்து பாட்டில் மூடிதானே செய்றா என்றார். ஆமாம் என்றேன். வாங்குற மருந்துக் கம்பெனி எல்லாம் அவ இருக்கிற பக்கம்தானே என்றார். ஆமாம் என்றேன். பார்சல் ஆபீசில் ஆயுசைக் கழித்த மனிதர் இல்லையா, லாரி நிறைய மூடி ஏத்தினா எடையே இருக்காது, பாதிக்கு மேல காத்துதான், இங்கேருந்து அங்க வரைக்கும் காத்தை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு அவ வாடகை கொடுக்கணுமா என்றார். அவர் அதைச் சொல்வதற்கு முன்பே எனக்கும் அது தெரியும் பாப்பா. நீ போனில் கேட்ட அந்த நிமிஷமே தெரியும். தெரிந்துகொண்டேதான் துறைமுகம் துறைமுகம் என்று பேசிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பெட்டிகளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். நான் உதவிக்குப் போகவில்லை, போயிருந்தால் அழுதிருப்பேன்.

மீதிக் கால்வாசியைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் வாங்கிய சத்தியத்தை இப்போது மீறுகிறேன். அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாகி ரொம்ப நாளாகவே நரம்பு கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது, வலி இல்லாததால் எங்களுக்குத் தெரியவில்லை, வாசற்படியில் இடித்துக்கொண்டபோதெல்லாம் கவனமில்லாத மனுஷன் என்று நானே திட்டியிருக்கிறேன். போனது போனதுதான், திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்கிறார். எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்டேன், அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்கம்மா என்றார். தினமும் பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், விளையாட்டுப் பக்கத்தை நான் வேண்டுமென்றே தப்பாக வாசித்தால் ரேடியோவில் கேட்டதை வைத்துத் திருத்துகிறார், அதில் ஒரு சந்தோஷம். நீ வீடியோவில் கூப்பிடும்போது போனை நான் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவது அதற்காகத்தான். உனக்கு இது பாதி தெரிந்திருக்கும் என்று என் மனசு சொல்கிறது. இல்லாவிட்டால் வியாபாரத்தில் கெட்டிக்காரியான நீ, காற்றை ஏற்றி அனுப்புகிற ஒரு திட்டத்தைப் பற்றி என்னிடம் ஏன் கேட்க வேண்டும். நிலம் கேட்டாய், தண்ணீர் கேட்டாய், மின்சாரம் கேட்டாய், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதையோ கேட்கப் பயப்படுகிற கம்பெனிக்காரர்கள்தான் அப்படிச் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள், நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் பதிலை எழுதுகிறேன், இதில் அலுவலகக் குரல் துளியும் இல்லை. உன் இரண்டாவது யூனிட்டை இங்கே போடாதே. உன்னிடம் வாங்குகிறவர்கள் பக்கத்திலேயே போடு, வேலைக்கு வருகிற பெண்களுக்கு பஸ் வருகிற இடமாகப் பார், தாழ்வான நிலம் மலிவாகக் கிடைத்தால் வாங்காதே, ஒரு மழையில் மூடியெல்லாம் மிதக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் பக்கத்துத் தொழிற்சாலைக்காரரிடம் போய் ஒரு டீ குடி, அரசாங்கம் சொல்லாததை எல்லாம் அவர் சொல்வார். மூடியை அச்சடிக்கிற இரும்பு டையை மட்டும் வேண்டுமானால் நம் பழைய பேட்டையில் செய்துகொள், கனமான சாமான், ஒரு தடவை அனுப்பினால் வருஷக்கணக்கில் உழைக்கும். பார்த்தாயா, ஒரு ஆர்டரையாவது நம் மாநிலத்துக்குப் பிடிக்காமல் எனக்கு விடத் தெரியவில்லை. எத்தனையோ பேரை வாங்க வாங்க என்று வாய் வலிக்கக் கூப்பிட்டவள் நான். வர வேண்டாம் என்று நான் சொல்கிற முதல் கம்பெனி உன்னுடையது, அதுவும் நான் வர வேண்டும் என்று மனசாரத் தவிக்கிற ஒரே கம்பெனி. எங்களுக்காக நீ அதை இங்கே கொண்டுவந்து அது நொடித்துப் போனால் அந்தப் பாரத்தை அப்பாவால் தாங்க முடியாது, கண் போனதைவிட அது அவருக்குப் பெரிதாக இருக்கும். கம்பெனி வர வேண்டாம். நீ வா. மாப்பிள்ளையால் முடியாவிட்டால் பேத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு வா, காரணம் எதுவும் தேட வேண்டாம், நிலம் பார்க்க வருவதாகப் பொய்யும் சொல்ல வேண்டாம். அவருக்கு உன் முகம் தெரிகிறபோதே ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போ.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், தொழில் பெருகி, நாலு பேருக்குச் சோறு போடுகிறவர்களாக நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். டிக்கெட் எடுத்ததும் எனக்குச் சொல், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் ஓரத்தில் நின்று சிரித்துவிட்டு, அப்பா ஏன் கவனிக்கவில்லை என்று கலங்காதே. கிட்டே போய் அவருக்கு நேர் எதிரே நில். அந்த நடுவில் மட்டும்தான் அவருக்கு இன்னும் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா